ஆறு நகரங்கள் பாக்கி

1983 ஜூன் 7. ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடரின் 39-வது அத்தியாயம் ஓடுகிறது. அதுவே கடைசி. ஏழு தங்க நகரங்களைத் தேடிப் புறப்பட்ட மூன்று பிள்ளைகள் ஒரே ஒரு நகரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவும் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போய்விட்டது. பொன்னால் ஆன ஒரு பறவை விமானத்தில் ஏறிப் பசிபிக் பெருங்கடலை நோக்கிப் பறக்கிறார்கள். இன்னும் ஆறு நகரங்கள் பாக்கி. கதை அங்கே நின்றுவிட்டது.

மீதி ஆறும் என்ன ஆயின என்று சொல்லத் தொடங்கவே 29 வருஷம் பிடித்தது. 2012 டிசம்பரில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது, முதல் பருவத்தைப் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்த பிள்ளைகள் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார்கள். பலர் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய வயது. ஒரு கார்ட்டூனுக்காக இத்தனை காலம் காத்திருக்க அப்படி என்ன இருந்தது அதில்?

பிரெஞ்சில் அதன் பெயருக்கு 'மர்மத் தங்க நகரங்கள்' என்று பொருள். ஆங்கிலத்தில் 'தி மிஸ்டீரியஸ் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்'. ஜப்பானியர்கள் நகரங்களை விட்டுவிட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டார்கள்: 'சூரியனின் பிள்ளை எஸ்தெபான்' என்றே தலைப்பு வைத்தார்கள். ஒரே படைப்புக்கு இரண்டு நாடுகள் இரண்டு வாசல் வைத்ததிலிருந்தே இது எப்படிப்பட்ட கூட்டுச் சமையல் என்று புரிந்துகொள்ளலாம்.

மூலம் இந்த இரண்டு நாடுகளுடையதும் இல்லை, அமெரிக்காவுடையது. ஸ்காட் ஓடெல் என்ற சிறுவர் இலக்கிய எழுத்தாளர் 1966-ல் 'தி கிங்ஸ் ஃபிஃப்த்' என்று ஒரு நாவல் எழுதினார். அரசனின் ஐந்தில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். அமெரிக்கக் கண்டங்களில் எந்த ஸ்பானியன் கையில் புதையல் அகப்பட்டாலும் அதில் ஐந்தில் ஒன்றை மன்னருக்குக் கட்டியாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். நாவலின் நாயகன் எஸ்தெபான் வரைபடம் வரைகிற 17 வயதுப் பையன். மன்னருக்குச் சேர வேண்டிய பங்கை ஒளித்துவைத்த குற்றத்துக்காக மெக்சிகோவின் வேரா குருஸ் துறைமுகத்துக் கோட்டைச் சிறையில் உட்கார்ந்துகொண்டு நடந்ததை எழுதுகிறான். தங்கத்தின் மீது வெறி பிடித்த மெண்டோசா என்ற தளபதி, வழிகாட்டியாக வரும் ஸியா என்ற பழங்குடிச் சிறுமி, கிடைத்த தங்கம் ஒவ்வொருவரையும் அரித்துத் தின்பது என்று நாவல் இருண்டுகொண்டே போகும்.

அந்த இருட்டை அப்படியே சின்னத்திரைக்குக் கொண்டுவர முடியாது. பிரான்ஸின் டிக் நிறுவனம் இந்த நாவலிலிருந்து மூன்று பெயர்களையும் ஒரு வேட்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டது. நிறுவனத்தை 1971-ல் தொடங்கிய ழான் ஷலோபான், அவருடைய கூட்டாளி பெர்னார் தெய்ரியஸ் இருவரும் அதற்குச் சற்று முன்புதான் ஹோமரின் ஒடிசியைத் தூக்கி 31-வது நூற்றாண்டு விண்வெளியில் போட்டு 'யுலிஸஸ் 31' எடுத்திருந்தார்கள். பழங்கதையைக் கலைத்துப் போட்டு விளையாடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. படம் வரையும் வேலைக்கு ஜப்பானின் ஸ்டூடியோ பியரோ வந்தது. 1979-ல் தொடங்கிய சின்ன நிறுவனம் அது. பின்னாளில் 'நரூட்டோ' எடுத்து உலகமெல்லாம் பேர் வாங்கப்போகிற அதே பியரோதான். எஸ்தெபானுக்கு ஜப்பானியக் குரல் கொடுத்தவர் மசாகோ நொசாவா. சில வருஷங்கள் கழித்து 'டிராகன் பால்' கோகுவாக அவர் குரல் இன்னொரு தலைமுறையின் காதில் உட்கார்ந்துவிட்டது.

இனி கதைக்கு வரலாம். 1532-ம் வருஷம், பார்சிலோனா. பெரிய தேவாலயத்தில் ஒரு பாதிரியாரிடம் வளர்கிறான் எஸ்தெபான். மேகம் மூடிய நாளில் அவன் மேலே போய் வேண்டிக்கொண்டால் சூரியன் வந்துவிடும் என்று ஊரே நம்புகிறது. பாதிரியார் இறந்துபோக, மெண்டோசா என்ற மாலுமி வந்து நிற்கிறான். பன்னிரண்டு வருஷம் முன்பு மெகல்லனின் கப்பலில் போனபோது, மூழ்கிக்கொண்டிருந்த வேறொரு கப்பலிலிருந்து உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கியவன் நான்தான் என்கிறான். பையன் கழுத்தில் பிறை வடிவப் பதக்கம். அதன் மீதிப் பகுதி மெண்டோசாவிடம். கடலுக்கு அப்பால் தங்க நகரங்கள் இருக்கின்றன, வா என்கிறான். இந்த அழைப்பில் பாசம் எவ்வளவு, பேராசை எவ்வளவு என்று பார்க்கிறவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாது.

'எஸ்பெரான்சா' என்ற கப்பலில் ஏறினால் அங்கே இன்னொரு பிள்ளை சிறை வைக்கப்பட்டிருக்கிறாள். அவள் ஸியா, இன்கா இனத்துப் பெண். சிறு வயதில் பிஸாரோவின் ஆட்கள் பெருவிலிருந்து தூக்கி வந்து ஸ்பெயின் அரசிக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மறுபடியும் கடத்துகிறார்கள். காரணம், முடிச்சுப் போட்ட கயிறுகளால் ஆன 'கிபு'வை அவளுக்குப் படிக்கத் தெரியும். தங்க நகரத்துக்கான வழி ஒரு பொன் கிபுவில் முடிச்சாகக் கிடக்கிறது.

தொடரின் பலம் தெரிகிற இடம் இதுதான். ஸியாவின் கதை கற்பனை. ஆனால் அதற்குக் கீழே பாறை இருக்கிறது. பிரான்சிஸ்கோ பிஸாரோ 1528-ல் பெருக் கடற்கரையைப் பார்த்துவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பியபோது லாமாக்களையும் பொன் சாமான்களையும் சில பெரு நாட்டு மனிதர்களையும் அரசவையில் காட்டுவதற்காகக் கூடவே கொண்டுபோனான். பெருவைக் கைப்பற்றும் உரிமையை அவனுக்கு எழுதிக்கொடுத்த தொலேதோ ஒப்பந்தத்தில் 1529 ஜூலை 26 அன்று கையெழுத்திட்டது மன்னர் இல்லை, அரசி இசபெல். மன்னர் ஊரில் இல்லாததால் ஆட்சி அவர் கையில் இருந்தது. அரசியிடம் பரிசாகப் போய்ச் சேர்ந்த ஒரு சிறுமி என்ற கற்பனையைக் கதாசிரியர்கள் ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை என்பதற்கு இது போதும்.

வருஷத்தையும் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1532 நவம்பர் 16 அன்று பெருவின் மலையூரான கஹமார்காவில் பிஸாரோ 168 பேரை வைத்துக்கொண்டு இன்கா பேரரசன் அதஹுவால்பாவைப் பிடித்தான். பேரரசனைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் பிடித்தான். ஐரோப்பியர்கள் கொண்டுவந்த அம்மை அவர்கள் காலடி படுவதற்கு முன்பே அந்த நாட்டுக்குள் புகுந்துவிட்டதாகப் பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். முந்தைய பேரரசன் அதில்தான் இறந்தான் என்றும், அதனால் இரண்டு மகன்களுக்குள் சண்டை மூண்டு நாடே இரண்டுபட்டுக் கிடந்தது என்றும் சொல்கிறார்கள். 22 அடி நீளம், 17 அடி அகலம் உள்ள ஓர் அறையை ஒரு முறை தங்கத்தாலும் இரண்டு முறை வெள்ளியாலும் நிரப்பித் தருகிறேன், என்னை விட்டுவிடு என்றான் அதஹுவால்பா. நிரப்பியும் கொடுத்தார்கள். வந்தது 6 டன்னுக்குக் குறையாத தங்கம். சிலைகள், பாத்திரங்கள், கோவில் சுவரில் பதித்த தகடுகள் எல்லாம் உலைக்குப் போய்க் கட்டிகளாகத் திரும்பின. ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு ஒதுக்கப்பட்டது. 1533-ல் அதஹுவால்பாவை அவர்கள் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இந்தக் கொலையைத் தொடர் தன் மையத்துக்குக் கொண்டுவருவதில்லை. பிள்ளைகளின் பயணம் அதன் ஓரமாகப் போகிறது. ஆனால் பிஸாரோ கதையில் ஒரு பாத்திரமாகவே வருகிறான், வில்லனாக. கொமேஸ், காஸ்பார் என்ற அவன் அதிகாரிகள் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே இருக்கிறார்கள். பிற்பாடு மாயா நாட்டுக்குப் போகும்போது ஒரு ஸ்பானிய மருத்துவரும், அவரோடு மரிஞ்சே என்ற பெண்ணும் துரத்தல் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் மெக்சிகோ வரலாறு தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மெக்சிகோவை வென்ற கோர்தேஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த மலிஞ்சேயின் நிழல் அது.

குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது. ஆனால் கதை சொல்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது பார்க்கிற குழந்தைக்குத் தெரிந்துவிடும். சமைத்தவர் ருசி பார்த்தாரா இல்லையா என்று முதல் கவளத்திலேயே நாக்குக்குத் தெரிவது மாதிரி.

எல்லாம் பிசகாத வரலாறு என்றும் நினைத்துவிடக் கூடாது. 1532-ல் பெருவுக்குப் போன ஸ்பானியர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பனாமாவில் இறங்கி, அந்த ஒடுங்கிய நிலத்தை நடந்து கடந்து, மறுகரையில் வேறு கப்பல் ஏறித்தான் போனார்கள். கார்ட்டூன் கப்பலோ தென்னமெரிக்காவின் அடிவாலைச் சுற்றிக்கொண்டு மெகல்லன் நீரிணை வழியாகப் போகிறது. 1520-ல் மெகல்லனையே வாட்டி எடுத்த பாதை அது. மனம் இருந்தால் குறை சொல்லலாம். புயலும் பனியும் கும்மிருட்டும் கொண்ட அந்த நீரிணையை விட்டுவிட்டுப் பனாமாவின் கொசுக்காட்டில் நடக்கவைக்க எந்தக் கதைசொல்லிக்குத்தான் மனசு வரும் என்றும் கேட்கலாம்.

பசிபிக்கில் கப்பல் உடைந்து பிள்ளைகள் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். அது கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. பனாமாவின் ஆயர் தோமாஸ் தே பெர்லாங்கா காற்றில்லாமல் நீரோட்டத்தில் இழுபட்டு அந்தத் தீவுகளில் போய் முட்டியது 1535-ல்தான். ஆக, கதை நடக்கும் வருஷத்தில் எந்த ஐரோப்பிய வரைபடத்திலும் அந்தத் தீவுகள் இல்லை. கடலில் மூழ்கிப்போன 'மு' என்ற பேரரசின் கடைசி வாரிசை அங்கே தனியாகக் குடிவைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அந்த வாரிசின் பெயர் தாவோ. தோளில் ஒரு கிளி, குடிசை நிறைய முன்னோர்கள் விட்டுப்போன ஏட்டறிவு, வாய் நிறையக் கர்வம். கத்தியும் துப்பாக்கியுமாக வந்து இறங்கும் ஸ்பானியர்களைக் காட்டுமிராண்டிகள் என்று அவன் அலட்சியமாகப் பேசும்போது, காலனி வரலாற்றின் தராசு ஒரு நிமிஷம் தலைகீழாகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் இது சாதாரணமாக அகப்படுகிற சரக்கு இல்லை.

எஸ்தெபான், ஸியா, தாவோ. ஒருவன் ஸ்பெயினில் வளர்ந்தவன், ஒருத்தி இன்கா, ஒருவன் காணாமல்போன நாட்டுக்காரன். மூவரில் படிப்பாளி ஸியாவும் தாவோவும்தான். எஸ்தெபானிடம் இருப்பது சூரியன் மட்டும். காப்பாற்றப்படுவதற்காகவே ஒரு பெண் பாத்திரம் இருக்கும் அந்தக் காலத்துச் சாகசக் கதைகளுக்கு நடுவில், கிபுவைப் படிக்கத் தெரிந்தவள் இல்லாமல் ஓர் அடிகூட நகராத கதை இது. அவளைக் கடத்தியவர்களுக்கும் அது தெரியும், பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும்.

மெண்டோசா விஷயத்துக்குத் திரும்ப வேண்டும், அவனை இரண்டு வரியில் விட்டுவிட முடியாது. நீல அங்கி, இடுப்பில் வாள், முகத்தில் அசைவே காட்டாத மனிதன். பிள்ளைகளுக்காக உயிரைப் பணயம் வைப்பான். அடுத்த அத்தியாயத்திலேயே கணக்குப் போட்டுப் பேசுவான். அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெத்ரோவும் திக்குவாய் சாஞ்சோவும் தங்கத்தைப் பார்த்தால் வாயைப் பிளக்கும் கோமாளிகள். அவர்கள் ஆசையைப் பார்த்து நாம் சிரித்துவிடலாம். மெண்டோசாவின் ஆசையைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நல்லவன் வெள்ளை, கெட்டவன் கறுப்பு என்று பிரித்து ஊட்டப்பட்ட வயதில், இவனை நம்பலாமா கூடாதா என்ற கேள்வியை 39 அத்தியாயம் சுமக்கவைத்தது இந்தத் தொடர். வளர்ந்த பிறகும் ரசிகர்கள் அதிகம் பேசுவது எஸ்தெபானைப் பற்றியா மெண்டோசாவைப் பற்றியா என்று பந்தயம் கட்டினால், மெண்டோசா பக்கம் பணம் வைப்பது புத்திசாலித்தனம்.

39 அத்தியாயம் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. 1982 ஜூன் 29-ல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷம். அன்றைய கார்ட்டூன்களில் பெரும்பாலானவை அந்தந்த அத்தியாயத்திலேயே ஆரம்பித்து அங்கேயே முடிகிறவை. எந்த வாரம் பார்த்தாலும் புரியும், எந்த வாரம் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. இது அப்படி இல்லை. ஒரு வாரம் விட்டால் கதை கைவிட்டுப் போய்விடும். பிரெஞ்சு வடிவத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் முன்கதையைச் சொல்லும் கனமான கதைசொல்லியின் குரலோடு தொடங்கும். கயிற்றுப் பாலம் அறுகிற இடத்திலோ பாறைக் கதவு மூடுகிற இடத்திலோ முடியும். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து, 'தொடரும்' என்ற சொல்லைத் திட்டித் தீர்த்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் பணம் சம்பந்தப்பட்டது. ஜப்பானில் இதை ஒளிபரப்பிய என்.எச்.கே., பிரான்ஸில் ஒளிபரப்பிய ஆந்தென் 2 இரண்டுமே பொதுத்துறைத் தொலைக்காட்சிகள். பிரான்ஸில் இது திரைக்கு வந்த அதே 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் 'ஹீ-மேன்' தொடங்கியது. அது கடையில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளுக்காகப் பிறந்த கதை. பொம்மைக்காகக் கதை எழுதும்போது எந்தப் பாத்திரமும் சாகக் கூடாது, மாறக் கூடாது, ஊரைவிட்டுப் போகவும் கூடாது. எஸ்தெபான் கூட்டத்துக்கு அந்தக் கட்டு இல்லை. கதை ஆரம்பத்தில் அவர்கள் ஏறிய கப்பல் பாதியில் உடைந்தது. அடுத்துக் கிடைத்த அதிசயக் கப்பலும் அழிந்தது. விலை மதிப்புள்ள சாமானையெல்லாம் கதை தயங்காமல் தூக்கி எறிந்துகொண்டே போனது.

அந்த அதிசயக் கப்பல் 'சோலாரிஸ்'. தாவோவின் முன்னோர்கள் கட்டியது, சூரிய ஒளியில் ஓடுவது. அதற்குப் பிறகு வருவதுதான் தொடரின் முத்திரையாகவே ஆகிவிட்ட தங்கக் காண்டோர். ஆண்டிஸ் மலையின் பிணந்தின்னிப் பெருங்கழுகு வடிவத்தில், தகதகவென்று, மலை நகரத்தின் அடியிலிருந்து எழுந்து வரும் விமானம். இதற்கும் சூரியன்தான் எண்ணெய். வெயில் போனால் இறங்கியாக வேண்டும். சூரியனைக் கூப்பிடத் தெரிந்த பையனுக்கு இப்போது வேலை வந்துவிட்டது பாருங்கள். முதல் அத்தியாயத்தில் ஊர்க்காரர்களின் மூடநம்பிக்கை போலத் தெரிந்த ஒரு விஷயம், பதினைந்து அத்தியாயம் கழித்து இயந்திரத்தின் சாவியாக மாறுகிறது. இந்த மாதிரித் தையல்தான் நல்ல சாகசக் கதைக்கு அடையாளம்.

சூரிய ஒளியில் பறக்கும் விமானம் அன்றைக்கு வெறும் கனவும் இல்லை. 1981 ஜூலை 7-ம் தேதி, பால் மக்ரீடி என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த 'சோலார் சேலஞ்சர்' பாரிஸுக்கு அருகிலிருந்து கிளம்பி, மின்கலத் தகடுகளில் விழுந்த வெயிலை மட்டும் நம்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கியது. 262 கிலோமீட்டரைக் கடக்க ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. எண்ணெய் விலை ஏற்றத்தில் 1970-களில் இரண்டு முறை அடிபட்ட நாடுகள் பிரான்ஸும் ஜப்பானும். அந்த நாடுகளின் குழந்தைகளுக்கு 1532-ல் சூரியனால் ஓடும் கப்பலும் விமானமும் காட்டியது தற்செயலோ என்னவோ, காலத்துக்குப் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது.

இதே இடத்தில்தான் தொடரின் பலவீனமும் இருக்கிறது.

மு கண்டம் என்பது 19-ம் நூற்றாண்டின் ஒரு தவறான மொழிபெயர்ப்பிலிருந்து முளைத்தது. பிராஸர் தே பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மாயா ஏடு ஒன்றை, பிழையான எழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு படித்தார். மு என்ற நாடு கடலில் மூழ்கிய கதை அதில் இருப்பதாக முடிவு கட்டினார். அவருக்குப் பிறகு வந்த லெ ப்ளோன்ஜோன் என்பவர் அதை ஊதிப் பெரிதாக்கினார். 1926-ல் ஜேம்ஸ் சர்ச்வர்ட் என்ற ஆங்கிலேயர் அதைப் பசிபிக் கடலில் கொண்டுபோய் வைத்து, இந்தியாவில் ஒரு பூசாரி தனக்குக் காட்டிய பழைய களிமண் பலகைகளில் எல்லா விவரமும் இருந்தது என்று புத்தகமே போட்டார். அந்தப் பலகைகளை வேறு யாரும் கண்டதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஏதோ பழகிய வாடை அடிக்கும். முவுக்குக் கூடப் பிறந்தவள் என்று சொல்லத்தக்க லெமூரியாவும் அதே நூற்றாண்டில் பிறந்ததுதான். 1864-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்க்ளேட்டர், மடகாஸ்கரில் காணும் லெமூர் இனத்தின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று யோசித்து, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்தார். தியசாபிகல் சங்கத்தார் அதில் மனிதர்களைக் குடியேற்றினார்கள். பிறகு அது களவியல் உரையும் பழைய உரையாசிரியர்களும் சொல்லும் கடல்கொண்ட நிலத்தோடு கலந்து குமரிக்கண்டமாக நம் பாடப்புத்தகங்கள் வரைக்கும் வந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று நிலவியல் உறுதிசெய்த பின் மூழ்கிய கண்டத்துக்கு விஞ்ஞானத்தில் தேவையில்லாமல் போயிற்று. கதையில் மட்டும் அதன் தேவை தீரவில்லை. தாவோவைப் பார்க்கும்போது நமக்கு ஒரு பங்காளி உறவு தோன்றினால் அது ஆச்சரியம் இல்லை.

பங்காளி உறவு ஒரு பக்கம் இருக்கட்டும். பெருவின் மலை நகரமான மாச்சு பிச்சுவை 15-ம் நூற்றாண்டில் கட்டியவர்கள் இன்காக்கள். சாந்து இல்லாமல், கத்தி முனை நுழையாத அளவுக்குப் பாறைகளைச் செதுக்கிப் பொருத்தியவர்கள் ஆண்டிஸ் மலைக் கல்தச்சர்கள். அதிசயங்களின் சூத்திரத்தையெல்லாம் மூழ்கிப்போன ஒரு மேல்நாகரிகத்தின் கையில் கொடுத்துவிட்டால், அந்தக் கல்தச்சர்களுக்கு என்ன மிச்சம்? ஒல்மெக்குகளுக்கு இன்னும் பெரிய அநியாயம். மெக்சிகோ வளைகுடாவின் கரையில் கி.மு. 1200-ஐ ஒட்டித் தழைத்து, ஆள் உயரத்துக்கு மேலான கல் தலைகளைச் செதுக்கிய நிஜ மக்கள் அவர்கள். தொடரில் அவர்கள் மலைக்கு அடியில் ஒளிந்து வாழும் நீண்ட காதுக்காரர்கள், கிட்டத்தட்ட வேற்றுக் கிரகத்தார் மாதிரி வருகிற வில்லன்கள். பண்டைய மக்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரிந்திருக்காது, வானத்திலிருந்து யாரோ வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்று 1968-லிருந்து எரிக் ஃபான் டானிக்கன் புத்தகம் எழுதிக் குவித்த காலத்தின் காற்று இந்தத் தொடரிலும் அடிக்கிறது.

ஆனால் இந்தத் தொடரிடம் ஒரு மாற்று மருந்தும் இருந்தது. கதை முடிந்தவுடன் சில நிமிஷத்துக்கு ஒரு குறும் ஆவணப்படம் வரும். வரைந்த படம் போய், நிஜமான மலையும் நிஜமான முகமும் திரைக்கு வரும். அன்றைய கதை தொட்டுச் சென்ற ஏதோ ஒன்றைப் பற்றி, லாமா வளர்ப்போ இன்கா விவசாயமோ ஸ்பானியரின் கப்பலோ மாயா கட்டடமோ, நடந்தது இது என்று சொல்லும். அரை மணி நேரம் தங்கக் காண்டோரில் பறந்த குழந்தை, அடுத்த நிமிஷம் ஆண்டிஸ் மலைச்சரிவில் கம்பளி நெய்யும் பாட்டியைப் பார்த்தது. கற்பனை எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டிய நிகழ்ச்சிகள் எத்தனை? தொடர் கல்தச்சர்களிடமிருந்து பறித்ததில் கொஞ்சத்தையாவது இந்தச் சில நிமிஷங்கள் திருப்பிக் கொடுத்தன. அந்தப் பகுதி வந்ததும் எழுந்து விளையாடப் போன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள், அது வேறு.

இசையைச் சொல்லாமல் விட்டால் பிரெஞ்சுக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஜப்பானிய வடிவத்துக்கு இசை நொபுயோஷி கோஷிபே. பிரெஞ்சு வடிவத்துக்கு அதை எடுத்துவிட்டு, ஷுகி லெவியும் ஹைம் சபானும் புதிதாகப் போட்டார்கள். மின்னணு இசைக்கருவிகளின் இழுவையும் துள்ளலும் சேர்ந்த அந்த முகப்புப் பாட்டு 16-ம் நூற்றாண்டுக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது. ஆனாலும் அதை நீக்கிவிட்டுத் தொடரை நினைத்துப் பார்க்க அந்தத் தலைமுறையால் முடியாது. இந்த சபான்தான் பத்து வருஷம் கழித்து 'பவர் ரேஞ்சர்ஸ்' கொண்டுவந்தவர். 1986-ல் பிபிசி வழியாக இங்கிலாந்துக்கும் நிக்கலோடியன் வழியாக அமெரிக்காவுக்கும் தொடர் போனபோதும் இந்த இசையே கூடப் போனது. ஆங்கிலத்தில் முவின் பெயர் மட்டும் 'ஹிவா' என்று மாறியது.

2012 முதல் வந்த பருவங்களில் பிள்ளைகள் சீனாவுக்கும், 2016-ல் ஜப்பானுக்கும் போனார்கள். 2020-ல் தொடங்கிய நான்காவது பருவத்தோடு தேடல் முடிவுக்கு வந்தது. படம் கணினியில் வழவழப்பாகியிருந்தது. பழைய ரசிகர்களில் சிலருக்கு அந்த வழவழப்பு ஒட்டவில்லை. கையால் வரைந்த பழைய பின்னணிகளில், ஆண்டிஸ் மலையின் பனிமூட்டத்தில் ஒரு பாழடைந்த கோட்டை பாதி தெரிந்து பாதி மறையும். எல்லாம் பளிச்சென்று தெரியும் புதிய படத்தில் மர்மத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று என்பது நியாயமான குறைதான்.

முதல் பருவத்தின் முடிவுக்கே போவோம். மாயா நாட்டில் தங்க நகரம் கிடைக்கிறது. அதன் நடுவில் இருப்பது பொக்கிஷம் இல்லை, சூரிய சக்தியை அடக்கிய ஓர் ஆபத்தான உலை. அதை அடக்க நகரத்தின் தலைமைப் பூசாரி தன்னையே கொடுக்கிறார். எஸ்தெபான் கடல் கடந்து தேடிவந்த அப்பா அவர்தான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. நகரம் மறைகிறது. மெண்டோசாவும் பெத்ரோவும் சாஞ்சோவும் கைக்கு அகப்பட்ட தங்கத்தைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறார்கள். பிள்ளைகள் வெறுங்கையோடு காண்டோரில் ஏறுகிறார்கள். கட்டிப்பிடித்து அழுது ஆர்ப்பாட்டம் செய்வதெல்லாம் இல்லாமல் இரண்டு கூட்டமும் இரண்டு திசையில் பிரிகிறது.

ஸியா அநாயாசமாகப் படித்த அந்தக் கிபு, உலகின் அருங்காட்சியகங்களில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. முடிச்சுகளில் எண்கள் பத்தின் அடுக்குகளாகக் குறிக்கப்பட்டிருப்பதை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். வரிக்கணக்கும் தானியக் கணக்கும் ஆள் கணக்கும் அதிலிருந்து கொஞ்சம் புரிந்தன. எண்ணாக இல்லாத முடிச்சுகளும் இருக்கின்றன. அவற்றில் இருப்பவை பெயர்களா, ஊர்களா, கதைகளா என்று ஆராய்ச்சியாளர்கள் கணினியில் ஏற்றி இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.